கேபிள்வழி வேகமானியும் அதன் பழுதுநீக்கமும்

கேபிள்வழி வேகமானி என்பது, கியர்பெட்டியின் அல்லது சக்கரத்தின் சுழற்சியை வளையக்கூடிய ஒரு கம்பிவடத்தின் மூலம் ஓட்டுநரின் முன்னுள்ள முகப்புக்குக் கொண்டுவந்து, மகிழுந்தின் வேகத்தை முள்ளால் காட்டும் இயந்திரக் கருவியாகும். பேச்சு வழக்கில் இது ஸ்பீடோமீட்டர் எனப்படுகிறது. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் உருவான மகிழுந்துகளில் இவ்வகையே பொருத்தப்பட்டது. மொரிஸ் மைனர், வோக்ஸ்வாகன் பீட்டில், இந்துஸ்தான் அம்பாசிடர் ஆகியவை இதற்கு எடுத்துக்காட்டுகள். 1980களிலிருந்து மின்னணு உணரிகள் படிப்படியாக இதன் இடத்தைப் பிடித்தன. எனினும் பழைய மகிழுந்துகளை இன்றும் ஓட்டுவோர் பலர் இருப்பதால், இக்கருவியின் பழுதுகளை அறிவதும் நீக்குவதும் பயனுள்ள தொழில்நுட்ப அறிவாகவே உள்ளது.

இக்கருவியில் ஒரே கேபிள் இரண்டு அளவீடுகளை இயக்குகிறது. முள் காந்தவிசையால் நகர்கிறது. ஓடிய தூரத்தைக் காட்டும் ஓடோமீட்டர் எனப்படும் தொலைவுமானி, பற்சக்கரங்களால் நகர்கிறது. இவ்விரண்டும் ஒரே நேரத்தில் பழுதடைந்துள்ளனவா, ஒன்று மட்டும் பழுதடைந்துள்ளதா என்பதைக் கவனித்தாலே, எந்தத் திருகையும் கழற்றாமல் பழுது இருக்கும் பகுதியைப் பெரும்பாலும் கண்டுவிடலாம்.

வரலாறு

சுழலும் செப்புத் தகடு ஒன்று தன்னைத் தொடாமல் அருகிலிருக்கும் காந்த ஊசியை இழுத்துச் செல்வதை 1824இல் பிரெஞ்சு இயற்பியலாளர் பிரான்சுவா அராகோ கவனித்தார். அதன் காரணம் அப்போது விளங்கவில்லை. 1831இல் மைக்கேல் பாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே அதற்கு விளக்கம் தந்தது. நகரும் காந்தப்புலத்தில் உள்ள உலோகத்தில் மின்னோட்டங்கள் தோன்றி, அவை காந்தத்துடன் விசைகொள்கின்றன. இவை சுழல் மின்னோட்டங்கள் எனப்படுகின்றன.

இத்தத்துவத்தைப் பயன்படுத்தும் வேகமானிக்கு ஜெர்மானியரான ஓட்டோ சூல்ட்சு 1902இல் காப்புரிமை பெற்றார். அதன் அடிப்படை அமைப்பு, பின்வந்த பல பத்தாண்டுகளுக்குப் பெரிய மாற்றமின்றித் தொடர்ந்தது. உதிரிப்பாகங்கள் குறைவு, அமைப்பு எளிது, மின்சாரம் தேவையில்லை ஆகியவை இதன் நீண்ட ஆயுளுக்குக் காரணங்கள்.

அமைப்பு

கேபிள்வழி வேகமானியை மூன்று பகுதிகளாகப் பிரிக்கலாம்.

1. இயக்கும் முனை: பெரும்பாலான மகிழுந்துகளில் இது கியர்பெட்டியின் வெளியீட்டுத் தண்டில் உள்ளது. தண்டில் ஒரு திருகுப்பல் சக்கரமும், அதனுடன் பொருந்தும் ஒரு சிறிய பற்சக்கரமும் இருக்கும். சிறிய பற்சக்கரம் பல வண்டிகளில் நைலானால் ஆனது. பீட்டிலில் அமைப்பு வேறானது. அதன் கேபிள் முன்சக்கரம் ஒன்றின் அச்சுமுனையின் நடுவே நுழைந்து, சக்கரத்தின் தூசிமூடியில் உள்ள சதுரத் துளையில் பொருந்தி, அச்சக்கரத்தாலேயே நேரடியாகச் சுழற்றப்படுகிறது.

2. கேபிள்: எஃகுக் கம்பிகளை ஒன்றன்மேல் ஒன்றாக எதிரெதிர்த் திசைகளில் சுற்றிச் செய்த உள்வடமும், அதைச் சூழ்ந்த உறையும் கொண்டது. உள்வடத்தின் முனைகள் சதுரமாக அமைக்கப்பட்டிருக்கும். உறை நிலையாக இருக்க, உள்வடம் மட்டும் சுழலும்.

3. தலைப்பகுதி: முகப்பு, முள், காந்தம், உலோகக் கிண்ணம், மயிரிழைச் சுருள்வில், தொலைவுமானி ஆகியவை அடங்கிய பகுதி.

இயங்கும் விதம்

கேபிளின் மேல்முனை தலைப்பகுதியில் உள்ள நிலைக்காந்தத்தைச் சுழற்றுகிறது. காந்தத்தைச் சூழ்ந்து, ஆனால் அதைத் தொடாமல், மெல்லிய அலுமினியக் கிண்ணம் ஒன்று உள்ளது. காந்தம் சுழலும்போது கிண்ணத்தில் சுழல் மின்னோட்டங்கள் தோன்றி, கிண்ணத்தைக் காந்தம் சுழலும் திசையிலேயே இழுக்கின்றன. கிண்ணத்தின் தண்டில் முள் பொருத்தப்பட்டுள்ளது. அதே தண்டில் இணைந்த மயிரிழைச் சுருள்வில் கிண்ணத்தைப் பின்னோக்கி இழுக்கிறது.

காந்தம் தரும் முறுக்குவிசை, அது சுழலும் வேகத்துக்கு நேர்விகிதத்தில் உள்ளது. சுருள்வில் தரும் எதிர் முறுக்குவிசை, முள் திரும்பிய கோணத்துக்கு நேர்விகிதத்தில் உள்ளது. இரண்டும் சமமாகும் இடத்தில் முள் நிற்கிறது. ஆகவே முள்ளின் கோணம் வேகத்துக்கு நேர்விகிதத்தில் அமைகிறது. முகப்பில் 20க்கும் 40க்கும் உள்ள இடைவெளியும், 60க்கும் 80க்கும் உள்ள இடைவெளியும் சமமாக இருப்பதற்கு இதுவே காரணம்.

இதிலிருந்து ஒரு முக்கியமான உண்மை பெறப்படுகிறது. இக்கருவி நேரத்தையும் அளப்பதில்லை, தூரத்தையும் அளப்பதில்லை. இரண்டு விசைகளின் சமநிலையை மட்டுமே காட்டுகிறது. காந்தம் வலுவிழந்தாலும், சுருள்வில் தளர்ந்தாலும், தண்டில் அழுக்கு சேர்ந்தாலும் முள் ஏதோ ஓர் எண்ணைக் காட்டிக்கொண்டுதான் இருக்கும். அந்த எண் மட்டும் தவறாக இருக்கும்.

வெப்பநிலை உயரும்போது அலுமினியத்தின் மின்தடை கூடி, சுழல் மின்னோட்டங்கள் குறைகின்றன. இதை ஈடுசெய்யப் பல கருவிகளில் காந்தத்தின் அருகே நிக்கல் கலந்த இரும்புத் தகடு ஒன்று வைக்கப்படுகிறது. குளிரில் காந்தப்புலத்தின் ஒரு பகுதியைத் தன் வழியே திருப்பிவிடும் இத்தகடு, வெப்பத்தில் அவ்வாறு செய்யும் திறனை இழக்கிறது. எனவே வெப்பத்தில் கிண்ணத்தை அடையும் புலம் கூடி, இழப்பு ஈடாகிறது.

தொலைவுமானி இவ்வாறு இயங்குவதில்லை. காந்தத்தைச் சுழற்றும் அதே தண்டில் வெட்டப்பட்ட திருகுப்பல், சில பற்சக்கரங்களின் வழியாக எண் உருளைகளை நேரடியாகத் திருப்புகிறது. இங்குக் காந்தமோ சுருள்வில்லோ இல்லை. கேபிள் சுழலும் எண்ணிக்கைக்கு ஏற்ப உருளைகள் திரும்பியே ஆகவேண்டும்.

பழுதின் அறிகுறிகள்

முள்ளையும் தொலைவுமானியையும் ஒப்பிட்டுப் பழுதைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

இரண்டும் இயங்கவில்லை: சுழற்சி தலைப்பகுதியை வந்தடையவில்லை. உள்வடம் அறுந்திருக்கலாம். சதுரமுனை தேய்ந்து உருண்டையாகியிருக்கலாம். கேபிளின் மரைநட்டு தளர்ந்து கேபிள் விலகியிருக்கலாம். கியர்பெட்டியில் உள்ள நைலான் பற்சக்கரத்தின் பற்கள் அழிந்திருக்கலாம். பீட்டிலில் தூசிமூடியின் வெளியே உள்ள சிறு பிடிப்பூசி விழுந்திருந்தாலும் இதே நிலை ஏற்படும்.

முள் இயங்கவில்லை, தொலைவுமானி இயங்குகிறது: கேபிளும் கியர்பெட்டியும் நன்றாக உள்ளன. பழுது தலைப்பகுதியில், காந்தத்துக்கும் முள்ளுக்கும் இடையே உள்ளது. கிண்ணத்தின் தண்டு இறுகியிருக்கலாம், அல்லது முள் தண்டிலிருந்து தளர்ந்திருக்கலாம். இந்நிலையில் புதிய கேபிள் வாங்குவது வீண்செலவு.

முள் இயங்குகிறது, தொலைவுமானி இயங்கவில்லை: தொலைவுமானியின் உள் பற்சக்கரம் விரிசல் விட்டிருக்கலாம், அல்லது அது தண்டைப் பற்றாமல் வழுக்கலாம். பழைய நெகிழிப் பற்சக்கரங்களில் இது அடிக்கடி நேர்வது.

முள் துடிக்கிறது: குறைந்த வேகத்தில் முள் முன்னும் பின்னும் ஆடுவது, உள்வடம் உலர்ந்திருப்பதை அல்லது கேபிள் கூர்மையாக வளைந்திருப்பதைக் காட்டுகிறது. உராய்வால் உள்வடம் ஓரிடத்தில் நின்று முறுகி, பிறகு திடீரென விடுபட்டுச் சுழல்கிறது. இந்த நிற்றலும் விடுபடலுமே முள்ளின் துடிப்பாகத் தெரிகின்றன.

கீச்சிடும் ஒலி: உலர்ந்த கேபிள், அல்லது தலைப்பகுதியின் உலர்ந்த தாங்கி. குளிர்ந்த காலையில் ஒலி மிகுவது வழக்கம். இது கேபிள் அறுவதற்கு முன்னறிவிப்பாகக் கருதத்தக்கது.

முள் உச்சத்துக்குச் சென்று நிற்கிறது: கேபிளின் வழியாக எண்ணெய் அல்லது கிரீஸ் மேலேறி, காந்தத்துக்கும் கிண்ணத்துக்கும் இடையே புகுந்திருக்கலாம். அப்போது காந்தவிசையுடன் எண்ணெயின் பிசுபிசுப்பும் சேர்ந்து கிண்ணத்தை இழுக்கிறது. சுருள்வில் அறுந்திருந்தாலும் முள் உச்சத்துக்குச் செல்லும்.

முள் சுழியத்துக்குத் திரும்பவில்லை: சுருள்வில் தளர்ந்தது, முள் இடம்மாறியது, தண்டில் அழுக்கு சேர்ந்தது ஆகியவற்றுள் ஒன்று காரணமாகலாம்.

இரண்டும் ஒரே விகிதத்தில் தவறாகக் காட்டுகின்றன: கருவியில் பழுதில்லை. டயரின் அளவு, பின்னச்சின் பற்சக்கர விகிதம், அல்லது கியர்பெட்டியின் சிறிய பற்சக்கரம் மாற்றப்பட்டுள்ளது. அல்லது வேறொரு வண்டியின் வேகமானி பொருத்தப்பட்டுள்ளது.

தூரம் சரி, வேகம் தவறு: காந்தம், சுருள்வில், முள்ளின் நிலை ஆகியவற்றில் பிழை உள்ளது.

பிழையை அளத்தல்

முள் காட்டும் வேகம் சரியா என்பதை அறிய எளிய வழி, கிலோமீட்டர் கற்கள் உள்ள சமதளச் சாலையில் சீரான வேகத்தில் சென்று, உடன் இருப்பவர் நிறுத்துகடிகாரத்தால் நேரத்தை அளப்பதாகும். ஓட்டுநர் சாலையைவிட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. 1 கிலோமீட்டருக்கு ஆகும் நொடிகளால் 3600ஐ வகுத்தால் உண்மையான வேகம் கிடைக்கும். முள் 60 காட்டும்போது 1 கிலோமீட்டரைக் கடக்க 66 நொடிகள் ஆனால், உண்மையான வேகம் மணிக்கு 54.5 கிலோமீட்டர். அதாவது கருவி சுமார் 10 விழுக்காடு கூட்டிக் காட்டுகிறது. செயற்கைக்கோள் வழிகாட்டிக் கருவி அல்லது கைபேசியின் வேக அளவீட்டையும் இதற்குப் பயன்படுத்தலாம். ஆனால் அதில் எண் சற்றுத் தாமதமாக மாறுவதால், வேகம் நிலைபெற்ற பின்னரே ஒப்பிட வேண்டும்.

ஒரே வேகத்தில் மட்டும் சோதிப்பது போதாது. 30, 50, 70 என மூன்று வேகங்களிலேனும் பார்க்க வேண்டும். எல்லா வேகத்திலும் பிழை ஒரே எண்ணாக இருந்தால், எடுத்துக்காட்டாக எப்போதும் 5 கூடுதலாக இருந்தால், முள் தண்டில் தவறான இடத்தில் பொருந்தியுள்ளது. பிழை ஒரே விழுக்காடாக இருந்தால் சுழற்சி விகிதத்திலோ, காந்தத்திலோ, சுருள்வில்லின் வலுவிலோ காரணம் உள்ளது. இவ்விரண்டாம் நிலையில் தொலைவுமானியையும் 10 கிலோமீட்டர் தூரத்துக்குச் சோதித்தால், காரணம் எதுவெனத் தெரிந்துவிடும்.

டயர் மாற்றத்தின் விளைவைக் கணக்கிடலாம். 155/80 ஆர்13 அளவுள்ள டயரின் விட்டம் சுமார் 578 மில்லிமீட்டர். அதற்குப் பதிலாக 155/70 ஆர்13 டயரைப் பொருத்தினால் விட்டம் சுமார் 547 மில்லிமீட்டராகக் குறைகிறது. அதே தூரத்துக்குச் சக்கரம் கூடுதலாகச் சுழல்வதால் முள்ளும் தொலைவுமானியும் சுமார் 5.7 விழுக்காடு கூட்டிக் காட்டும். முள் 60இல் நிற்கும்போது உண்மையான வேகம் ஏறத்தாழ 57 மட்டுமே.

வண்டிக்கும் கருவிக்கும் உள்ள பொருத்தம்

ஒவ்வொரு வேகமானியும், குறிப்பிட்ட தூரத்துக்குக் கேபிள் குறிப்பிட்ட முறை சுழலும் என்ற கணக்கில் செய்யப்பட்டது. பிரித்தானிய ஸ்மித்ஸ் நிறுவனக் கருவிகளின் முகப்பில் சிறிய எழுத்தில் 1000, 1376 போன்ற எண் அச்சிடப்பட்டிருக்கும். அது 1 மைலுக்குக் கேபிள் சுழலவேண்டிய எண்ணிக்கை. ஜெர்மனியின் வி.டி.ஓ. கருவிகளில் இவ்வெண் 1 மீட்டருக்கு உரிய சுழற்சிகளாகத் தரப்படுகிறது. அமெரிக்க மகிழுந்துகளில் 1 மைலுக்கு 1000 சுழற்சிகள் என்பது பரவலாகப் பின்பற்றப்பட்ட அளவு.

வண்டியின் உண்மையான எண்ணிக்கையை வீட்டிலேயே அளக்கலாம். கேபிளைத் தலைப்பகுதியிலிருந்து கழற்றி, உள்வடத்தின் முனையில் ஒரு துண்டுத் தாளைக் கொடிபோல ஒட்ட வேண்டும். சமதளத்தில் 20 மீட்டரை அளந்து, வண்டியை நேராகத் தள்ளி, கொடி எத்தனை முறை சுற்றுகிறது என்பதைக் கால் சுற்று துல்லியத்தில் எண்ண வேண்டும். 12.5 சுற்றுகள் வந்தால், 1 கிலோமீட்டருக்கு 625 சுற்றுகள். 1 மைலுக்கு ஏறத்தாழ 1006 சுற்றுகள். முகப்பில் 1000 என்று இருந்தால் கருவி வண்டிக்குப் பொருந்துகிறது. 1376 என்று இருந்தால், அது வேறொரு வண்டிக்கு உரிய கருவி. அதைப் பொருத்தினால் வேகம் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் குறைத்துக் காட்டப்படும்.

கேபிளைச் சோதித்தல்

மேலே கூறிய தள்ளும் சோதனையே கேபிளுக்கும் போதுமானது. வண்டி நகரும்போது உள்வடத்தின் மேல்முனை சுழலாவிட்டால், பழுது கேபிளிலோ இயக்கும் முனையிலோ உள்ளது. சுழன்றால், பழுது தலைப்பகுதியில் உள்ளது அல்லது சதுரமுனை தலையில் சரியாகப் பொருந்தவில்லை.

பட்டறைகளில் சக்கரங்களை உயர்த்தி எஞ்சினால் ஓட்டிப் பார்ப்பதும் உண்டு. அவ்வாறு செய்யும்போது வண்டி உறுதியான தாங்கிகளின் மீது நிற்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிச் சக்கரத்தைச் சுழற்றுவது உயிருக்கு ஆபத்தானது. இயக்கு சக்கரங்களில் ஒன்றை மட்டும் உயர்த்துவது அதனினும் ஆபத்து. அப்போது தரையிலுள்ள சக்கரம் நிற்க, உயர்த்திய சக்கரம் இருமடங்கு வேகத்தில் சுழலும். கியர்பெட்டியிலிருந்து இயங்கும் வேகமானி 20 காட்டும்போது அச்சக்கரம் 40க்கு உரிய வேகத்தில் சுழன்றுகொண்டிருக்கும். மேலும், தரையிலுள்ள சக்கரம் பிடிப்புப் பெற்றால் வண்டி தாங்கியிலிருந்து பாய்ந்துவிடும்.

கழற்றிய உள்வடத்தை ஆய்வதற்கு இரண்டு சோதனைகள் உள்ளன. சமமான மேசையின் மீது அதை உருட்டினால், நேரான வடம் சீராக உருளும். மடிந்த வடம் துள்ளும். இரு முனைகளையும் இரு கைகளில் பிடித்து வளைவாகத் தொங்கவிட்டு ஒரு முனையைத் திருப்பினால், மறுமுனையும் உடனே சீராகத் திரும்ப வேண்டும். தயங்கித் தாவினால் அவ்வடம் பயனற்றது. மடிந்த உள்வடத்தை நிமிர்த்திப் பயன்படுத்தும் முயற்சி பலனளிப்பதில்லை.

கேபிளை மாற்றுதல்

1. மின்கலத்தின் எதிர்முனை இணைப்பைக் கழற்ற வேண்டும். முகப்புப் பலகையின் பின்னால் கை நுழையும் இடத்தில் விளக்குகளின் மின்கம்பிகள் இருப்பதே காரணம்.

2. தலைப்பகுதியின் பின்னுள்ள மரைநட்டைக் கையால் திருகிக் கழற்ற வேண்டும். குறடு பயன்படுத்தினால் மெல்லிய மரை சிதையக்கூடும்.

3. உள்வடத்தை மேலிருந்து உருவ வேண்டும். அறுந்திருந்தால் மேல்பாதி மட்டுமே வரும். மீதியைக் கீழ்முனையிலிருந்து எடுக்க வேண்டும்.

4. புதிய உள்வடத்தைப் பொருத்துமுன், பழைய வடத்தின் ஒரு துண்டைத் தலைப்பகுதியில் செருகி விரல்களால் திருப்பிப் பார்க்க வேண்டும். அது எளிதாகச் சுழலவேண்டும். தலைப்பகுதி இறுகியிருந்ததால்தான் பழைய கேபிள் அறுந்தது எனில், புதிய கேபிளும் சில நாட்களில் அறுந்துவிடும். பழுதுநீக்கத்தில் மிகுதியாக விடுபடும் படி இதுவே.

5. உள்வடத்தின் கீழ்ப்பகுதியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மட்டும் கிரீஸை மெல்லியதாகப் பூச வேண்டும். மேல்முனையில் சுமார் 20 சென்டிமீட்டரை உலர்ந்ததாகவே விட வேண்டும். சுழலும் வடம் ஒரு திருகுபோலச் செயல்பட்டு கிரீஸை மேலே ஏற்றும். அது தலைப்பகுதியை அடைந்தால் முள் உச்சத்துக்குச் செல்லும் பழுது உண்டாகும். எஞ்சின் எண்ணெயைக் கேபிளில் ஊற்றக் கூடாது.

6. உறை செல்லும் வழியில் கூர்மையான வளைவு இருக்கக் கூடாது. வளைவின் ஆரம் 15 சென்டிமீட்டருக்குக் குறையாதிருப்பது நல்லது. குறிப்பாக, தலைப்பகுதியை ஒட்டிய முதல் சில சென்டிமீட்டர்கள் நேராக இருக்க வேண்டும். புகைபோக்கிக் குழாயின் அருகே உறை செல்லாதவாறு பிடிகளால் கட்ட வேண்டும்.

7. சதுரமுனை தலையில் பொருந்தியதை உறுதிசெய்த பின்னரே மரைநட்டை இறுக்க வேண்டும். பொருந்தாமல் இறுக்கினால் உள்வடம் அழுந்தி வளைந்துவிடும்.

பழைய கேபிளின் உறையில் கியர் எண்ணெய் வழிந்திருந்தால், கியர்பெட்டிமுனையின் எண்ணெய்த் தடுப்பான் பழுதாகியுள்ளது. அதை மாற்றாமல் தலைப்பகுதியை மட்டும் சுத்தம் செய்தால் பழுது மீண்டும் வரும்.

தலைப்பகுதியைச் சீராக்குதல்

தலைப்பகுதியின் வேலை கடிகார வேலைக்கு ஒப்பானது. முகப்புக் கண்ணாடியைச் சூழ்ந்த வளையத்தின் மடிப்புகளை மெதுவாக விரித்தே அதைத் திறக்க வேண்டும். பல முறை மடித்து விரித்தால் அவை உடைந்துவிடும்.

முள்ளைக் கழற்றுமுன் ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலான கருவிகளில் முள் சுழியத்தில் உள்ள தடுப்பூசியின் மீது சுருள்வில்லின் இழுப்பால் சாய்ந்துள்ளது. தடுப்பூசியைத் தாண்டி முள்ளை மெல்லத் தூக்கிவிட்டால், அது சுழியத்துக்குக் கீழே ஓரிடத்தில் தானாக நிற்கும். அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, பின்னர் முள்ளை அதே இடத்தில் பொருத்த வேண்டும். இதைச் செய்யாமல் முள்ளைச் சுழியத்திலேயே பொருத்துவோரின் கருவிகள் எல்லா வேகத்திலும் ஒரே அளவு பிழையுடன் காட்டுகின்றன.

எண்ணெய் புகுந்த கிண்ணத்தையும் காந்தத்தையும் எளிதில் ஆவியாகும் கரைப்பானால் கழுவி முழுதும் உலரவிட வேண்டும். கரைப்பான் முகப்பின் எழுத்துகளில் படக் கூடாது. காந்தத்தில் இரும்புத் துகள்கள் ஒட்டியிருந்தால் ஒட்டுநாடாவால் எடுக்கலாம். உள்ளீட்டுத் தண்டின் தாங்கிக்கு ஒரு துளி கடிகார எண்ணெய் போதும். காந்தத்துக்கும் கிண்ணத்துக்கும் இடையே எதுவும் இடக் கூடாது.

1960களுக்கு முன் செய்யப்பட்ட சில கருவிகளில், இருளில் ஒளிரும் எழுத்துகளுக்கு ரேடியம் கலந்த வண்ணம் பூசப்பட்டது. ஒளிர்வு மங்கிவிட்டாலும் கதிரியக்கம் மறைவதில்லை. இத்தகைய முகப்பைச் சுரண்டுவதும் ஊதுவதும் தவிர்க்கப்பட வேண்டும்.

சீராக்கிய தலைப்பகுதியை வண்டியில் பொருத்துமுன் மேசையிலேயே சோதிக்கலாம். பழைய உள்வடத்தின் துண்டை வேகக் கட்டுப்பாடு உள்ள துளையிடு கருவியில் பிடித்துச் சுழற்றினால், 1 மைலுக்கு 1000 சுழற்சிகள் என்ற கணக்கிலான கருவி, நிமிடத்துக்கு 1000 சுழற்சியில் மணிக்கு 60 மைல் காட்ட வேண்டும். சுழற்சித் திசையை முதலில் கையால் திருப்பி உறுதிசெய்ய வேண்டும். எதிர்த்திசையில் சுழற்றினால் முள் தடுப்பூசியை அழுத்தும். தொலைவுமானி பின்னோக்கி ஓடும்.

காந்தம் வலுவிழந்த கருவி குறைத்துக் காட்டும். முறுக்குவிசை காந்தப்புலத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், புலம் 5 விழுக்காடு குறைந்தாலே முள் ஏறத்தாழ 10 விழுக்காடு குறைத்துக் காட்டும். காந்தத்தை மீண்டும் வலுவூட்டுவதற்குத் தனிக் கருவி தேவை. இது கருவி பழுதுபார்ப்போரிடம் விடத்தக்க வேலையாகும்.

பாதுகாப்பும் சட்டமும்

கூட்டிக் காட்டும் வேகமானியும் குறைத்துக் காட்டும் வேகமானியும் சம அளவில் தீங்கானவை அல்ல. முதல் வகை ஓட்டுநரைத் தேவைக்கு மேல் மெதுவாகச் செல்ல வைக்கிறது. இரண்டாம் வகை அவரை அறியாமலே வேகமாகச் செல்ல வைக்கிறது. 10 விழுக்காடு குறைத்துக் காட்டும் கருவியில் முள் 60இல் நிற்கும்போது உண்மையான வேகம் ஏறத்தாழ 67. பிரேக் பிடித்தபின் வண்டி ஓடும் தூரம் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால், அத்தூரம் சுமார் 23 விழுக்காடு மிகுகிறது.

இதனால்தான் ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 39ஆம் ஒழுங்குவிதி, காட்டப்படும் வேகம் உண்மையான வேகத்தைவிட ஒருபோதும் குறையக் கூடாது என்கிறது. கூடுதலாகக் காட்டுவதற்கு, உண்மையான வேகத்தில் பத்தில் ஒரு பங்கும் அதனுடன் மணிக்கு 4 கிலோமீட்டரும் சேர்ந்த அளவு வரை அது இடமளிக்கிறது. உண்மையான வேகம் 80 எனில் முள் 80 முதல் 92 வரை காட்டலாம்; 79 காட்டக் கூடாது. பழைய மகிழுந்துகள் பல இவ்விதிக்கு முற்பட்டவை எனினும், சீராக்குவோர் இதை இலக்காகக் கொள்வது தக்கது. இந்தியாவில் மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இன் 117ஆம் விதி வேகமானியைப் பற்றியது.

பிரித்தானியத் தயாரிப்பான பழைய வண்டிகளின் முகப்பு மைலில் உள்ளது. இலங்கையில் இன்றும் காணப்படும் மொரிஸ் மைனர் போன்ற வண்டிகளை, கிலோமீட்டரில் வேகவரம்பு எழுதிய சாலைகளில் ஓட்டுவோர் இதை நினைவிற்கொள்ள வேண்டும். முகப்பில் 30 என்பது மணிக்கு 48 கிலோமீட்டராகும்.

தொலைவுமானியைச் சீராக்கும்போது நேர்மையும் ஒரு பகுதியாகிறது. ஓடிய தூரத்தைக் குறைத்துக் காட்டுவது வாங்குபவரை ஏமாற்றுவதாகும். அமெரிக்காவில் 1972இல் இயற்றப்பட்ட சட்டம் இதைத் தடைசெய்தது. பழுதுநீக்கத்தின் பின் பழைய எண்ணையே வைக்க இயலாவிட்டால், தொலைவுமானியைச் சுழியத்தில் வைத்து, பழைய எண்ணையும் பழுதுநீக்கிய நாளையும் எழுதிய அறிவிப்பை இடப்புறக் கதவுச் சட்டத்தில் ஒட்ட வேண்டும் என்பது அங்குள்ள நடைமுறை. அத்தகைய சட்டம் இல்லாத இடங்களிலும், கருவியை மாற்றிய நாளையும் அப்போதைய எண்ணையும் வண்டியின் ஆவணங்களுடன் எழுதி வைப்பது நல்ல வழக்கமாகும்.

இவற்றையும் பார்க்கவும்

தொலைவுமானி
சுழல் மின்னோட்டம்
மின்காந்தத் தூண்டல்
கியர்பெட்டி
சுருள்வில்